மஞ்சளும் வேப்பெண்ணெயும் யாருக்குச் சொந்தம்? காப்புரிமை பற்றித் தெரிந்துகொள்வோம்



நம் கூட்டமைப்பில் சோப்பு, மூலிகை எண்ணெய், கற்றாழை கிரீம், பித்தவெடிப்புக் களிம்பு என்று தொழில் செய்யும் குழுக்கள் கூடிக்கொண்டே வருகின்றன. அந்தக் குழுக்களின் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஒன்று: "நாம காய்ச்சுற எண்ணெய்க்குப் பெரிய கம்பெனி எதுவும் பேட்டன்ட் வாங்கி வச்சிருந்தா நம்ம மேல கேஸ் போடுவாங்களா சார்?" இரண்டாவது: "நாமளே பேட்டன்ட் வாங்கிட்டா யாரும் காப்பி அடிக்க முடியாதுல்ல?"

இரண்டுமே நல்ல கேள்விகள். குழுவின் சுழல்நிதியையும் வங்கிக் கடனையும் போட்டு நடத்தும் தொழில் இது. பயத்தினால் தொழிலை நிறுத்தினாலும் நட்டம். விவரம் தெரியாமல் யாரிடமாவது பணத்தைக் கொடுத்து ஏமாந்தாலும் நட்டம். அதனால் இந்த இதழில் காப்புரிமை என்கிற பேட்டன்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தோலுக்கு எண்ணெய் என்ன செய்கிறது?

முதலில் நாம் தயாரிக்கும் பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் தோலின் மேல்பகுதியை ஒரு செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன தோல் செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே சாந்து பூசியது போல ஒரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. அதில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் என்று மூன்று வகை முக்கியமானவை. இந்தச் சாந்து கெட்டியாக இருக்கும் வரைக்கும் உடம்பிலுள்ள தண்ணீர் வெளியே போகாது.

வெயிலில் களை எடுப்பது, சோப்புத்தூள் போட்டுத் துணி துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது, மார்கழிக் காற்று இவையெல்லாம் அந்தச் சாந்தை அரித்துவிடுகின்றன. தோல் வறண்டு, கை சொரசொரவென்று ஆகி, குதிகால் வெடிக்கிறது. அப்போது தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவினால் அது மேலே ஒரு படலமாக நின்று தண்ணீர் வெளியேறுவதைக் குறைக்கிறது. நம்ம அம்மா, பாட்டி எல்லாம் இதைப் பாடம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் இலியாஸ் என்ற தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தச் "சாந்தை" ஆராய்ந்தார்கள். மூன்று கொழுப்புகளையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து பூசினால் கெட்டுப்போன தோல் சீக்கிரம் சீராகிறது, விகிதம் மாறினால் ஆறுவது தாமதப்படக்கூடும் என்று சோதனை செய்து காட்டினார்கள். அந்தக் கலவைக்கு 1997இல் அமெரிக்காவில் காப்புரிமையும் வழங்கப்பட்டது. அதன் காலம் இப்போது முடிந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், கொழுப்பு என்கிற பொருள் அவர்களுடைய கண்டுபிடிப்பு இல்லை. அது எல்லார் தோலிலும் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு விகிதத்தையும் அதன் பலனையும் கண்டுபிடித்தார்கள். காப்புரிமை அதற்குத்தான் கிடைத்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காப்புரிமை என்றால் என்ன?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் கொடுக்கும் உரிமைதான் காப்புரிமை. அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. இந்த உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மட்டும். இடையில் ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் அதற்கு முன்பே போய்விடும். பதிலுக்கு அவர் தன் கண்டுபிடிப்பின் முழு விவரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் பொது.

மூன்று நிபந்தனைகள் உண்டு. அது புதிதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் சாதாரணமாக யோசித்தாலே தோன்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. தொழிலில் பயன்படக் கூடியதாக இருக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். நிலப் பத்திரத்தில் கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால் என்று செக்குபந்தி எழுதுகிறோம் அல்லவா? அதுபோல காப்புரிமையிலும் எதுவரைக்கும் தனக்கு உரிமை என்று எல்லை எழுதியிருப்பார்கள். அந்த எல்லைக்குள் மட்டும்தான் அவர் உரிமை கேட்க முடியும். "தேங்காய் எண்ணெய் கலந்த ஒரு கிரீமுக்குப் பேட்டன்ட் இருக்கிறது" என்றால் தேங்காய் எண்ணெயே அவருக்குச் சொந்தம் என்று அர்த்தம் இல்லை.

அதோடு, காப்புரிமை எந்த நாட்டில் வாங்கப்பட்டதோ அந்த நாட்டில்தான் செல்லும். அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமையைக் காட்டி வத்தலக்குண்டு சந்தையில் விற்பவரைத் தடுக்க முடியாது. ஆனால் அந்தப் பொருளை இங்கிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்ய நினைத்தால் தடை வரும்.

மஞ்சள் வழக்கு

1995 மார்ச் மாதம் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கான காப்புரிமை அது! விண்ணப்பித்தவர்கள் அங்கே வேலை செய்த இந்திய வம்சாவளி விஞ்ஞானிகள் இருவர்.

அடுப்படியில் கையை வெட்டிக்கொண்டால் மஞ்சள்தூள் அப்புவது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் எப்படி அது "புதுக் கண்டுபிடிப்பு" ஆயிற்று? காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, வேறு நாட்டில் மக்கள் ஒன்றைச் செய்துகொண்டு இருக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. அது எங்காவது அச்சில் வெளியாகி இருக்க வேண்டும். கோடிக்கணக்கான பெண்கள் தினமும் செய்துவந்தாலும், காகிதத்தில் காட்ட முடியாவிட்டால் அது கணக்கில் வராது. (2013 மார்ச் முதல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, எந்த நாட்டில் வெளிப்படையாகப் பயன்படுத்தி இருந்தாலும் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.)

இந்த விஷயம் தெரிந்ததும் நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1996 அக்டோபரில் அந்தக் காப்புரிமையை மறுபடி பரிசீலிக்கும்படி மனுப் போட்டது. அப்போது அதன் தலைமை இயக்குநராக இருந்தவர் டாக்டர் மஷேல்கர். மனுவோடு 32 ஆதாரங்களைக் கொடுத்தார்கள். பழைய நூல்கள் அதில் இருந்தன. 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையும் இருந்தது. இவற்றைப் பார்த்த அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், இதில் புதிது ஒன்றும் இல்லை என்று 1997 ஆகஸ்டில் காப்புரிமையை நிராகரித்தது. வளரும் நாடு ஒன்று தன் பாரம்பரிய அறிவுக்காகப் போராடி அமெரிக்கக் காப்புரிமையை ரத்து செய்ய வைத்த முதல் வழக்கு என்று இதைச் சொல்கிறார்கள்.

வேப்பெண்ணெய் வழக்கு

அடுத்தது வேம்பு. அமெரிக்காவின் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற கம்பெனியும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் சேர்ந்து ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் 1994இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொண்டு பயிரில் பூஞ்சாண நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அது வழங்கப்பட்டது.

1995இல் மூன்று தரப்பினர் சேர்ந்து எதிர்ப்பு மனுப் போட்டார்கள். நம் நாட்டின் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சிக் குழுவைச் சேர்ந்த மக்டா ஆல்வூட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு. முதல் இருவரும் பெண்கள்.

இந்த வழக்கில் பழைய புத்தகத்தைவிட ஒரு மனிதரின் சாட்சியம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. மகாராஷ்டிராவைச் சேர்ந்த தொழிலதிபர் அபய் பாட்கே, 1985, 1986ஆம் ஆண்டுகளிலேயே இதே மாதிரி வேப்பெண்ணெய்த் தயாரிப்பை அங்குள்ள விவசாயிகளின் வயலில் பயன்படுத்திப் பார்த்ததை விளக்கிச் சொன்னார். ஐரோப்பியச் சட்டப்படி, எந்த நாட்டில் வெளிப்படையாகப் பயன்படுத்தி இருந்தாலும் அது "ஏற்கெனவே தெரிந்தது" என்று ஆகிவிடும். 2000 மே மாதம் காப்புரிமை ரத்து செய்யப்பட்டது. கம்பெனித் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2005 மார்ச் 8, உலக மகளிர் தினத்தன்று அந்த மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. ஆக மொத்தம் பத்து ஆண்டுகள்.

இந்த இரண்டும் நமக்குச் சொல்லும் பாடம்

இரண்டிலும் நம் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் நியாயம் மட்டும் இருந்தால் போதவில்லை. ஆதாரமும் தேதியும் தேவைப்பட்டது.

இது நமக்குப் புதிதில்லை. குழுக் கூட்டத்தில் பதினைந்து பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருப்போம். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டால் வங்கி மேலாளர் ஒத்துக்கொள்கிறாரா? "நாங்க பேசினது உண்மைதான் சார்" என்றால் நடக்குமா? அதே கதைதான் இங்கேயும்.

இந்தக் குறையைப் போக்க மத்திய அரசு 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் என்ற ஒன்றைத் தொடங்கியது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பான், ஸ்பானிஷ் மொழிகளில் எழுதி வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். இதுவரை 4 லட்சத்துக்கும் மேற்பட்ட முறைகள் பதிவாகி இருக்கின்றன. யாராவது மஞ்சளுக்கோ வேம்புக்கோ விண்ணப்பம் போட்டால் அந்த அதிகாரி உடனே எடுத்துப் பார்த்துவிடலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் முக்கியமாக இடம்பெற்றிருப்பவை நூல்களில் உள்ளவை. சிறுமலை அடிவாரத்திலும் நத்தம் பக்கத்திலும் நம்ம பாட்டிமார் வாய்வழியாகச் சொல்லிவந்த பக்குவம் எல்லாம் புத்தகத்தில் ஏறி இருக்கும் என்று சொல்ல முடியாது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் காப்புரிமைச் சட்டம் 1970இல் வந்தது. பிறகு பல முறை திருத்தப்பட்டது. நமக்குத் தேவையான விஷயங்கள் இவை:

1. பாரம்பரிய அறிவாக உள்ள ஒன்று கண்டுபிடிப்பு ஆகாது. அதற்குக் காப்புரிமை கிடையாது.

2. தெரிந்த இரண்டு மூன்று பொருள்களைச் சும்மா கலந்துவிட்டு, ஒவ்வொன்றின் பழைய குணமே கூட்டாகக் கிடைத்தால் அதற்கும் கிடையாது. கலந்ததால் எதிர்பாராத புதிய பலன் வந்ததைச் சோதனையில் காட்ட வேண்டும்.

3. ஒரு விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு, காப்புரிமை வழங்கும் வரைக்கும் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். (2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் கட்டணம் உண்டு.) வழங்கிய பிறகும் ஓராண்டுக்குள் சம்பந்தப்பட்டவர்கள் எதிர்க்கலாம்.

4. அப்படி எதிர்க்கும்போது, "இது எங்கள் ஊர் மக்களிடம் ஏற்கெனவே உள்ள அறிவு" என்று சொல்லலாம். அந்த அறிவு எழுத்தில் இருந்தாலும் சரி, வாய்வழியாக இருந்தாலும் சரி, சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

நான்காவதை இன்னொரு தடவை படியுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் பாட்டி சொன்ன பக்குவத்துக்கும் மதிப்பு இருக்கிறது. இருந்தாலும் வாய்வழி அறிவை நிரூபிக்க நாலு பேர் சாட்சி வேண்டும், எந்த ஊர், எத்தனை வருடம் என்கிற விவரம் வேண்டும்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் நமக்குத் துணை. நம் நாட்டுச் செடி, கொடி, விதையை வைத்துச் செய்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்குகிறவர்கள் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் அனுமதியோ பதிவோ பெற வேண்டும். உள்ளாட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவும் இந்தச் சட்டம் வழி செய்கிறது. ஊரில் உள்ள மூலிகை, அதன் பயன்பாடு எல்லாவற்றையும் அதில் ஏற்றலாம்.

யாராவது மிரட்டினால் என்ன செய்வது?

ஒரு குழு தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, மஞ்சள் சேர்த்துப் பித்தவெடிப்புக் களிம்பு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வந்து, "இதுக்கு எங்ககிட்ட பேட்டன்ட் இருக்கு, நிறுத்துங்க, இல்லைன்னா பணம் கட்டுங்க" என்கிறார். பதற வேண்டாம். எந்தத் தாளிலும் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

காப்புரிமை எண் என்ன? இந்தியாவில் வாங்கியதா, வெளிநாட்டிலா? விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கிறீர்களா, வழங்கப்பட்டுவிட்டதா? (விண்ணப்பம் மட்டும் போட்டவர் வழக்குப் போட முடியாது.) ஆண்டுக் கட்டணம் கட்டி இப்போதும் நடப்பில் இருக்கிறதா? அதன் எல்லைக்குள் எங்கள் களிம்பு எப்படி வருகிறது?

எண் கிடைத்தால் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள்.

ஆதாரமில்லாமல் மிரட்டுவதும் சட்டப்படி தவறு. அப்படி மிரட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையும் நட்டஈடும் கேட்கலாம் என்று காப்புரிமைச் சட்டமே சொல்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. திண்டுக்கல்லில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.

அதே சமயம், உண்மையிலேயே நடப்பில் உள்ள இந்தியக் காப்புரிமையின் எல்லைக்குள் நம் தயாரிப்பு வந்துவிட்டால் அதை மதிக்கத்தான் வேண்டும். வேறு செய்முறைக்கு மாறுவது நல்லது.

நாம் காப்புரிமை வாங்க முடியுமா?

முடியும், கண்டுபிடிப்பு புதிதாக இருந்தால். கரிசலாங்கண்ணி எண்ணெய்க்கும் குப்பைமேனி சோப்புக்கும் யாராவது "பேட்டன்ட் வாங்கித் தர்றேன், முன்பணம் கட்டுங்க" என்று வந்தால் நம்ப வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த பொருளுக்குக் காப்புரிமை கிடைக்காது. கிடைக்காத காப்புரிமையை "பேட்டன்ட் பெற்றது" என்று லேபிளில் அச்சடித்தால் அபராதம் உண்டு.

நம் உறுப்பினர் ஒருவர் உண்மையிலேயே புதிதாக ஒரு கருவியோ செய்முறையோ கண்டுபிடித்திருந்தால், கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஊரறியக் காட்டிவிட்டால் "புதிது" என்ற தகுதி போய்விடும். தனி நபர் இணைய வழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக் கட்டணம், வக்கீல் செலவு எல்லாம் தனி. விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவாகப் பரிசீலிக்கக் கேட்கும் வசதி 2019இலிருந்து உண்டு. நம் பகுதிக்கு உரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. கிராமத்து மக்களின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்க உதவும் தேசியப் புத்தாக்க நிறுவனம் குஜராத்தில் உள்ளது. மதுரையில் உள்ள சேவா தொண்டு நிறுவனமும் உள்ளூர் அறிவைப் பதிவு செய்யும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறது.

பெரும்பாலான குழுக்களுக்குக் காப்புரிமையைவிட வணிகச் சின்னம்தான் கை கொடுக்கும். அதாவது நம் பொருளின் பெயரையும் முத்திரையையும் பதிவு செய்வது. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பெயர் நம்முடையதாக இருந்தால் அதே பெயரில் வேறொருவர் மட்டமான சரக்கை விற்க முடியாது. திண்டுக்கல் பூட்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019இல் கிடைத்தது புவிசார் குறியீடு. அது ஊருக்கும் அங்கு தொழில் செய்கிறவர்களுக்கும் பொதுவான உரிமை. தனி ஒருவருக்குக் கிடைப்பது அல்ல.

ஒரு எச்சரிக்கை: காப்புரிமையும் வணிகச் சின்னமும் விற்பதற்கான அனுமதி ஆகாது. முகத்திலும் உடம்பிலும் பூசும் கிரீம், லோஷன் தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தனியாக வேண்டும். "நோய் தீரும்" என்று லேபிளில் எழுதினால் அது மருந்துக் கணக்கில் போய்விடும். அதற்கு வேறு உரிமம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

* தொழில் செய்யும் ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன பொருள், என்ன அளவு, யார் சொல்லிக் கொடுத்தது, எந்த ஆண்டிலிருந்து செய்கிறோம் என்று தேதியோடு எழுதுங்கள். மூலப்பொருள் வாங்கிய பில்லையும் விற்ற ரசீதையும் அதிலேயே ஒட்டி வையுங்கள்.

* ஊரில் உள்ள வயதான பெண்கள், மருத்துவச்சிகள், நாட்டு வைத்தியர்களிடம் கேட்டு அவர்கள் சொல்லும் பக்குவத்தை அவர்கள் பெயரோடு எழுதுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் எழுத வேண்டாம்.

* எல்லோரும் அறிந்த பக்குவத்தை ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கிராம சபையில் கேளுங்கள். குழுவின் தனிப்பட்ட அளவையும் பதத்தையும் வெளியில் சொல்ல வேண்டாம். அது குழுவின் தொழில் ரகசியம்.

* பேட்டன்ட் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பு கூட்டமைப்பு அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

எழுதத் தெரியாத உறுப்பினர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதலாம். மஞ்சள் வழக்கில் 1953ஆம் ஆண்டின் ஒரு பழைய கட்டுரை 43 வருடம் கழித்து ஆதாரமாக வந்து நின்றது. நம் நோட்டும் என்றைக்காவது யாருக்காவது உதவும். எழுதிய குழுக்கள் அடுத்த மாதப் பிரதிநிதிகள் கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள்; சேர்ந்து பார்ப்போம்.